வெள்ளம் வடிந்த பிறகு ஆரி சாமான் கடை: பார்சலில் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிக் கரையில் வெள்ளம் வரும் நாளில் உள்ளூரில் தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். குடகிலும் வயநாட்டிலும் கொட்டும் மழை கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளை நிரப்பிவிட்டு மேட்டூர் அணைக்கு வருகிறது. அங்கே 120 அடி நிரம்பியதும் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், கருங்கல்பாளையம் என்று இறங்குகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் விநாடிக்கு 2 லட்சம் கன அடியைத் தாண்டித் திறந்துவிட்டபோது இந்த ஊர்களில் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெயில் அடிக்கிறதே என்று வானத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. மைக்கில் அறிவிப்பு வந்தால் முதலில் மேலே ஏற வேண்டியது ஆர்டர் நோட்டு, போன், பில் ஃபைல். அடுத்தது ஜரி. பாசியெல்லாம் கடைசியில் போனால் போதும்.

வீட்டு முன்னறையில் ஆரி வேலைக்கான (கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை) பட்டு நூல், ஜரி, சர்தோசி (சுருள் உலோகக் கம்பி), பாசி, கல், ஆரி ஊசி, பிரேம் என்று அடுக்கிவைத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, பொழுதுபோக்குக்காகத் தைக்கிறவர்களுக்குப் பார்சல் அனுப்பும் கடைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இவற்றுக்கு வெள்ளம் வரும் காலமும் மோசமானது. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்கான பிளவுஸ் வேலைக்கு ஆடியிலேயே சரக்கு வாங்கி நிரப்பியிருப்பார்கள். அலமாரி நிறைந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் தண்ணீர் வரும்.

தண்ணீர் வடிந்ததும் கை பரபரக்கும். நனைந்ததையெல்லாம் வாரி வீதியில் கொட்டிவிட்டுத் தரையைக் கழுவத் தோன்றும். இன்சூரன்ஸ் இருந்தால், நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் முன் இதைச் செய்யவே கூடாது. உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி, ஒவ்வொரு தட்டாகப் படம் எடுங்கள். அழுகி நாற்றமடிப்பதை ஒதுக்கியே ஆக வேண்டுமென்றால், கம்பெனியிடம் கேட்டு, படமும் எடையும் குறித்துக்கொண்டு ஒதுக்குங்கள். சூரத்திலிருந்து வாங்கிய ஜரிக்கான பில் நனைந்து கூழாகிவிட்டதா? ஜிஎஸ்டி பதிவு இருந்தால், சரக்கு தந்தவர் தாக்கல் செய்த பில்கள் போர்ட்டலில் ஜிஎஸ்டிஆர்-2பி பக்கத்தில் இருக்கும். இன்னொன்றும் உண்டு: அழிந்துபோன சரக்கை வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி என்று கணக்கில் ஏற்கெனவே கழித்திருந்தால், அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு, பின்னால் நோட்டீஸ் வந்ததும் திகைக்கிறவர்கள் உண்டு.

வீட்டுக்கு எடுத்த பாலிசியே கடைச் சரக்கையும் காப்பாற்றும் என்று நம்புவதும் தவறு. 2021 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக்கும் வீட்டுச் சாமானுக்கும் உள்ளது. 5 கோடி ரூபாய் வரையிலான சிறு தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்று தனிப் பாலிசி இருக்கிறது.

அடுத்தது நனைந்த சரக்கை என்ன செய்வது என்ற கேள்வி. காயவைத்து விற்றுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கண்ணாடிப் பாசியைக் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும்; மேலே சாயம் பூசிய பாசி என்றால் வெளுக்கும். அடியில் பளபளப்புத் தாள் ஒட்டிய கல்லுக்குள் ஈரம் இறங்கினால் ஒளி போய்விடும். சர்தோசியும் ஜரியும் இன்றைக்கு நன்றாகத் தெரிந்தாலும் சில வாரங்களில் கறுத்துவிடும், அதுவும் வாடிக்கையாளரின் பிளவுஸில் ஏறிய பிறகு. பட்டு நூல் கோனில் வெளிச்சுற்று காய்ந்திருக்கும், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். அட்டையிலிருந்த கலர் எண் அழிந்துவிட்டால், பாதி வேலையில் நூல் தீர்ந்தவருக்கு அதே நிறத்தை மறுபடி கொடுக்கவும் முடியாது. ‘ஆஃபர்’ என்று பெயர் வைத்து இதைத் தள்ளிவிடுவது, என் கணக்கில், வெள்ளத்தைவிடப் பெரிய நஷ்டம். கழுவிய பாசியை மட்டும், வெள்ளத்தில் நனைந்தது என்று எழுதியே, பழகுகிறவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கடையை மூடவைப்பது மௌனம்தான். பொழுதுபோக்குக்குத் தைக்கிறவர் காத்திருப்பார். ஆனால் பணம் கட்டியவருக்கு பத்து நாள் பதிலே வராவிட்டால் ஏமாற்றுக்கடை என்றுதான் நினைப்பார். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளும், புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கச் சொல்கின்றன. உருக்கமான நீண்ட பதிவு தேவையில்லை. “வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சுங்க. உங்க பார்சல் இன்னும் போகலை. விசேஷம் எந்தத் தேதிங்க? பணத்தைத் திருப்பி அனுப்பட்டுங்களா, காத்திருப்பீங்களா?” இவ்வளவு போதும்.

அந்தத் தேதிக் கேள்விதான் முக்கியம். தங்கச்சி கல்யாணத்துக்குத் தைக்கிறவரைக் காத்திருக்கச் சொல்லக் கூடாது. பணத்தை அன்றைக்கே திருப்பிவிட்டு, கோவையிலோ சேலத்திலோ சரக்கு வைத்திருக்கும் இன்னொரு கடையின் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். போட்டிக் கடைக்கு ஆள் அனுப்புவதா என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. அனுப்பாத ஆர்டருக்கு வந்த பணம் உங்களுடையதல்ல. அதை எடுத்துச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டுப் புது முன்பணம் கேட்டால் சுழலில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடன் விஷயத்தில் அவசரமே எதிரி. வார வட்டிக்காரர் வங்கி மேனேஜருக்கு முன்னாலேயே வாசலுக்கு வந்துவிடுவார். அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழகத்தில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் மாட்டியபின் அது ஆறுதல்தான். பழைய சரக்கு முழுவதையும் ஒரேயடியாக நிரப்ப நினைப்பதால்தான் அவ்வளவு பணம் தேவைப்படுகிறது. ஊசி, நாலைந்து ஜரி வகை, ஓடுகிற நிறங்களில் பட்டு நூல், இவற்றோடு மேட்டுப் பகுதியிலுள்ள சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையிலிருந்துகூட மறுபடி ஆரம்பிக்கலாம். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த முகவரியைக் கூடுதல் இடமாகச் சேர்த்துவிடுங்கள். பார்சல் மேல் அனுப்புநர் முகவரியையும் மாற்றுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும் பார்சல் பூட்டிய வீட்டு வாசலில் நிற்கும்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது சித்திரையில் இருக்கும் சரக்கை வைத்துத் தொகை போடாதீர்கள், ஆடியில் இருப்பதை வைத்துப் போடுங்கள். 6 லட்சம் சரக்குக்கு 3 லட்சம் மட்டும் காட்டியிருந்தால், நஷ்டத்திலும் அதே விகிதத்தில் பாதிதான் தருவார்கள்; 2 லட்சம் நஷ்டத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம்தான் கைக்கு வரும். சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்ள மாட்டார்கள், அதற்கு மேல் போனால் வெட்டுதான்.