மீட்டர் விளக்கு எரியவில்லையா? போர்டைக் கழற்றும் முன்...

இருட்டியதும் ஹெட்லைட் போடுகிறீர்கள். ரோடு தெரிகிறது, மீட்டர் போர்டு மட்டும் கருப்பாகக் கிடக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய மாருதி 800, அம்பாசடர் போன்ற வண்டிகளில் இது சகஜம். உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போர்டைக் கழற்ற உட்கார்ந்துவிடுகிறோம். முதல் தவறே அதுதான்.

பார்க் லைட்டைப் போட்டுவிட்டு வண்டியின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பழைய கார்கள் பலவற்றில் மீட்டருக்கு வெளிச்சம் தரும் பல்புகள், பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் ஒரே பியூஸில்தான் ஓடுகின்றன. பின்னாலும் இருட்டாக இருந்தால் மீட்டரைத் தொடவே வேண்டாம். பியூஸையும் லைட் சுவிட்சையும் பாருங்கள். அந்த நிலையில் ராத்திரி வண்டியை எடுக்கவும் கூடாது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

புதுப் பியூஸும் போட்டவுடன் போய்விட்டால், பத்து ஆம்பியரை எடுத்துவிட்டு இருபது போடுவது பலருடைய வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு: முன்னும் பின்னும் 5 வாட்டில் நாலு பல்பு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று, மீட்டருக்குள் மூன்று வாட் அளவில் இரண்டு மூன்று. எல்லாம் சேர்ந்தாலும் 35 வாட்டைச் சுற்றித்தான் வரும். 12 வோல்ட்டில் அது மூன்று ஆம்பியர். மூன்று ஆம்பியர் இழுக்க வேண்டிய இடத்தில் பத்து போகிறதென்றால், எங்கோ ஒரு வயர் பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயரிங்தான். தண்ணீர் இறங்கிய பின்விளக்கு ஹோல்டரையும், டிக்கி மூடி மடங்கும் இடத்தில் போகும் வயரையும் பாருங்கள். அப்புறம், பின்னாளில் மாட்டிய ஸ்டீரியோ. அதன் விளக்கு வயரை மீட்டர் லைட் வயரில் முறுக்கி, டேப் சுற்றி விட்டிருப்பார்கள். வெயிலில் அந்த டேப் பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உள்ள வண்டியாக இருந்தால், அதை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துத் தடவை திருகிப் பாருங்கள். உள்ளே படிந்த களிம்பு விட்டாலே விளக்கு வந்துவிடுவது உண்டு.

சரி, பின்விளக்கு நன்றாக எரிகிறது, மீட்டர்தான் இருட்டு. இப்போது கழற்றலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மீட்டரை வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் பிடித்துக்கொண்டிருக்கும், அதன் கொக்கி உடைந்தால் இன்னொரு வேலை. மீட்டரின் முதுகில் பிளாஸ்டிக் தாளில் செம்புக் கோடுகள் ஓடும். பல்பு ஹோல்டர் அதன் மேல்தான் கால் சுற்றுத் திருகி உட்காருகிறது. செம்பு கருத்திருந்தால் கத்தியாலோ உப்புத்தாளாலோ சுரண்டாதீர்கள், கோடே உரிந்து வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தால் போதும், புதுப் பைசா போலப் பளபளக்கும்.

வெளிச்சம் போதவில்லை என்று அதிக வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும். எல்இடி அவ்வளவாகச் சூடாகாது, நல்லதுதான். ஆனால் அதற்குத் திசை உண்டு. எரியாவிட்டால் தூக்கி எறியாமல் திருப்பி மாட்டிப் பாருங்கள். பேட்டரி படம் போட்ட சார்ஜ் விளக்குக்கு மட்டும் எல்இடி வேண்டாம். பல பழைய ஆல்டர்னேட்டர்கள் அந்த பல்பு வழியாக வரும் கரண்டை வாங்கித்தான் சார்ஜ் செய்யத் தொடங்குகின்றன.

நான் மிகவும் கவலைப்படுவது, ஆயில் பிரஷர் குறைந்தால் மீட்டரில் சிவப்பாக எரியும் ஆயில் விளக்கைப் பற்றி. வேகமுள் தெரியாவிட்டால் உடனே கவனிக்கிறோம். ஆயில் விளக்கு எரியாவிட்டால் "சிவப்பு வரவில்லை, எல்லாம் சரி" என்று நிம்மதியாகிவிடுகிறோம். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்யும் முன், அது எரிந்தே ஆக வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால், ஆயில் பிரஷர் போனாலும் அது உங்களுக்குச் சொல்லாது. சில நிமிடத்தில் பேரிங் தேய்ந்து இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சோதிப்பது சுலபம். இன்ஜினில் உள்ள ஆயில் பிரஷர் சுவிட்சிலிருந்து ஒற்றை வயரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வயர் நுனியை இன்ஜின் உலோகத்தில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது. எரியாவிட்டால் பல்பு அல்லது வயர். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். இன்ஜின் கோளாறை மறைக்க அந்த பல்பையே கழற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு.

மீட்டரைத் திரும்ப உட்காரவைக்கும்போது ஸ்க்ரூவை உடனே முடுக்காதீர்கள். பேட்டரியை இணைத்து, பார்க் லைட், ஆயில், சார்ஜ், ஹேண்ட் பிரேக், இரண்டு பக்க இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாக எரிகிறதா பாருங்கள். அதற்குப் பிறகு கடைசி ஸ்க்ரூ.