லோட் ஷெடிங்கிலும் இணையம் அறாமல் இருக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டிலிருந்து கோட் எழுதுபவர்களுக்கு: லோட் ஷெடிங்கில், அதாவது நேரம் அறிவித்துச் செய்யும் மின்வெட்டில், மின்சாரம் போனால் லேப்டாப் தாங்கும், இணையம்தான் போய்விடும். ரவுட்டரை ஓட்டும் சிறு பேட்டரிப் பெட்டியான மினி யூபிஎஸ் வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். பெட்டியில் 8,800 எம்ஏஎச் என்று பெரிதாகப் போட்டிருக்கும், அது 3.7 வோல்ட்டில் சொல்வது. அப்படியென்றால் 32 வாட்-மணிதான். 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது வீணாவது போக ஏறத்தாழ 27 தேறும். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் இரண்டே கால் மணி நேரம். வெட்டு சில சமயம் இரண்டரை மணி வரை நீண்டிருக்கிறது என்பதால் இதைவிடப் பெரியதே நல்லது.

பலர் ரவுட்டரை மட்டும் இணைத்துவிடுகிறார்கள். வைஃபை தெரியும், இணையம் வராது. சுவரிலுள்ள ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டின் அடாப்டரிலும் வோல்ட்டைப் பாருங்கள்: 9 வோல்ட் கருவியில் 12 கொடுத்தால் கருகிவிடலாம்.

தொலைவிலுள்ள சர்வரில் நீண்ட பில்ட், மைக்ரேஷன் எதுவானாலும் டீமக்ஸுக்குள் (சர்வரிலேயே டெர்மினலைத் திறந்து வைத்திருக்கும் நிரல்) ஓட்டுங்கள், இதை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். சர்வருக்கான எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்து 'டீமக்ஸ் அட்டாச்' கொடுத்தால் போதும். முடிக்காத நிரலை வெட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே தனிக் கிளையில் கமிட் செய்து புஷ் செய்துவிடுங்கள்.