நிலநடுக்கத்துக்கு முன் அயனி மண்டலம் மாறுகிறதா? நீங்களே சோதிக்கலாம்

ஜப்பானின் தோஹோகு நிலநடுக்கத்தை (2011 மார்ச் 11, அளவு 9.0) எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சுமார் 40 நிமிடம் முன்பே மேலே அயனி மண்டலத்தில் (வளிமண்டலத்தின் மேல்பகுதியில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கு) எலக்ட்ரான்கள் கூடின என்று ஜிபிஎஸ் தரவை வைத்து ஜப்பானிய ஆய்வாளர் கொசுகே ஹெகி எழுதினார். நிலநடுக்கத்துக்குப் பிறகு எலக்ட்ரான் அளவில் வந்த சரிவு கணக்கைத் திரித்துவிட்டது என்று மறுத்தவர்களும் உண்டு.

முதலில் நாசாவின் தரவுக் கிடங்கில் 2011-க்கும் அதற்கு முந்தைய சில ஆண்டுகளுக்குமான அயோனெக்ஸ் (IONEX, அயனி மண்டல எலக்ட்ரான் அளவின் உலக வரைபடங்கள்) கோப்புகளை இறக்குங்கள். வரைபடத்தில் 37.5 பாகை வடக்கு, 140 பாகை கிழக்கு என்ற ஒரு புள்ளி போதும். கோப்பில் 235 என்றிருந்தால் பொதுவாக அது 23.5 TEC அலகு (தலைக்கு மேலுள்ள மொத்த எலக்ட்ரான் அளவு), 9999 என்றால் தரவே இல்லை, அதை எண்ணாக எடுத்தால் எல்லாம் பாழ். இந்த வரைபடங்கள் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றுதான், ஆகவே நாள்கணக்கில் வரும் மாற்றத்தைத்தான் பிடிக்கலாம். ஹெகியின் 40 நிமிடத்தைத் தேட ஜப்பானின் ஜியோநெட் (GEONET) ஜிபிஎஸ் நிலையங்களின் 30 விநாடித் தரவு வேண்டும்.

அப்புறம் அருகே பெரிய நிலநடுக்கம் இல்லாத நாள்களை மட்டும் கொடுத்து ஒரு எல்எஸ்டிஎம் (LSTM, முந்தைய மதிப்புகளைப் பார்த்து அடுத்ததைக் கணிக்கும் செயற்கை நரம்பு வலை) மாதிரியைப் பழக்குங்கள். கணிப்புக்கும் உண்மைக்கும் இடைவெளி பெரிதானால் அதுதான் முரண். தரவைக் கலைத்துப் போட்டுப் பிரிக்காதீர்கள், பழைய ஆண்டுகளில் பழக்கி அடுத்த ஆண்டில் சோதியுங்கள்.

பலரும் சறுக்குவது சூரியனிடம்; சூரியனால் வரும் புவிகாந்தப் புயலும் அயனி மண்டலத்தை மாற்றும். தோஹோகு நாளிலேயே புவிகாந்தப் புயல் இருந்தது, அதனால் புயலின் வலிமையைக் காட்டும் கேபி (Kp), டிஎஸ்டி (Dst) குறியீடுகளையும் உள்ளீடாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

சரி, முரண் கிடைத்துவிட்டதா? நிலநடுக்கமே இல்லாத நூறு தேதிகளைக் குலுக்கி எடுத்து, அங்கேயும் அதே அளவு முரண் வருகிறதா என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை முடிவோடு சேர்த்தே வெளியிடுங்கள்.