பட்டம் முடித்துச் சட்டம் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பு வெளியாகிவிட்டால், தருமபுரியில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலகத்துக்குக் கட்சிக்காரர்களைவிட, படிக்க ஆசைப்படுகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். பென்னாகரத்திலிருந்து பி.காம். முடித்த பெண் வருவார். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் பி.எஸ்சி. பட்டதாரி வருவார். ஓய்வுபெறப் போகும் ஆசிரியர்களும் வருவதுண்டு. நான் விண்ணப்பித்த காலத்தில் எங்கெல்லாம் தடுமாறினேனோ, அதே இடங்களில்தான் இவர்களும் தடுமாறுகிறார்கள்.

கையெழுத்து விட்டுப்போனது, புகைப்படம் மாறிப்போனது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. இ-சேவை மையத்தில் இருப்பவரே அவற்றைத் திருத்திக் கொடுத்துவிடுவார். ஆண்டுக்கணக்கில் பறிகொடுக்க வைக்கும் தவறுகள் வேறு.

மூன்றாண்டா, ஐந்தாண்டா?

கையில் பட்டம் இருந்தால் மூன்றாண்டு எல்.எல்.பி. பிளஸ் 2 மட்டும் என்றால் ஐந்தாண்டுப் படிப்பு. இரண்டுக்கும் விண்ணப்பம் தனி, கடைசித் தேதி தனி.

பிளஸ் 2 இல்லாத பட்டம்

எத்தனை பேருக்குச் சொன்னாலும் தீராத தவறு இது. இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் ஏராளம். குடும்பத்தில் கடன் இருந்திருக்கும், மழை பொய்த்திருக்கும், பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கொஞ்சம் நிமிர்ந்தவுடன் படிப்பின் மீது ஆசை திரும்பி வரும். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து சொல்வார்: “பிளஸ் 2 எல்லாம் எதற்கு? திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆயத்தப் படிப்பை முடித்தால் நேராக பி.ஏ. சேரலாம்.” அவர் சொல்வதில் பொய் இல்லை. சேரலாம், தேறலாம், பட்டமும் வாங்கலாம். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு சட்டம் மட்டும் படிக்க முடியாது. அதை அவர் சொல்லமாட்டார்.

வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில், 5-ஆவது விதியின் விளக்கத்தில் இது எழுதியிருக்கிறது. அடிப்படைத் தகுதி இல்லாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாக நேரடியாகப் பிளஸ் 2 அல்லது பட்டம் பெற்றவர்கள் சட்டப் படிப்பில் சேரத் தகுதியற்றவர்கள். அரசு வேலையிலும் இதே சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டத்தை வேலைக்கு ஏற்க முடியாது என்று தமிழக அரசு 2009-இல் அரசாணை எண் 107 வெளியிட்டது. இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆண்டுதோறும் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதை நெருங்கியவர். பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து என் மேஜை மீது வரிசையாக வைத்தார். ஓரம் பழுப்பேறிய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். லேமினேட் செய்த பி.ஏ. பட்டம். பக்கத்து மாநிலக் கல்லூரி ஒன்றில் படித்து வாங்கிய, மடிப்புகூட விழாத எல்.எல்.பி. சான்றிதழ். “வக்கீலாகப் பதிவு செய்யப் போனேன் சார், பிளஸ் 2 எங்கே என்று கேட்கிறார்கள்” என்றார். “எழுதினீர்களா?” என்று கேட்டேன். எழுதவில்லை. சேர்த்துவிட்ட தரகர், “டிகிரி இருக்கிறதல்லவா, போதும்” என்று சொல்லியிருக்கிறார். கல்லூரியும் எதுவும் கேட்கவில்லை, மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டது. அந்தப் பணத்துக்காக அடகு வைத்த மனைவியின் நகை அப்போதும் மீட்கப்படாமல் இருந்தது.

அவர் மீது எனக்கு வருத்தம்தான், கோபம் இல்லை. விதியைத் தேடிப் படிக்கும் வழக்கம் அவருக்கு எப்படி வந்திருக்கும்? அந்தக் கல்லூரிக்கு விதி தெரியும். தெரிந்தே சேர்த்தது. சேர்க்கையின்போது ஓர் அலுவலர் அந்த மூன்று தாள்களைப் புரட்டிப் பார்த்திருந்தால், இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் விண்ணப்பித்து, பிளஸ் 2 இல்லை என்பதற்காகத் தொடக்கத்திலேயே நிராகரிக்கப்பட்டவர்கள் என்னிடம் வந்து புலம்பும்போது நான் சொல்வது இதுதான்: உங்களை முதல் நாளே நிறுத்தினார்கள், அது நல்லது. சீட் கொடுத்துவிட்டார்கள் என்பதாலேயே தகுதி இருப்பதாக அர்த்தமில்லை. கல்லூரி சேர்த்துக்கொள்ளும், பல்கலைக்கழகம் பட்டமும் கொடுக்கும். கடைசியில் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாச் சான்றிதழ்களையும் கேட்கும். அங்கே பாதியில் அறுந்த சங்கிலி தெரிந்துவிடும்.

“இப்போது பிளஸ் 2 எழுதிச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது. பட்டப் படிப்பில் சேர்ந்த அன்றைக்கு அதற்கான அடிப்படைத் தகுதி கையில் இருந்ததா என்பதுதான் கேள்வி. பட்டத்துக்குப் பிறகு தேதியிட்ட பிளஸ் 2 சான்றிதழ் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. வழி ஒன்றுதான். தனித்தேர்வராகப் பிளஸ் 2 முடித்து, அதன் பிறகு புதிதாக ஒரு பட்டம் படித்து, பிறகு சட்டத்துக்கு வர வேண்டும். நீண்ட வழி என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வேறு வழி இருப்பதாகச் சொல்லி யாரிடமும் நான் பொய் நம்பிக்கை கொடுக்கமாட்டேன்.

எங்கள் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கும் தம்பி, திறந்தநிலைப் பட்டத்துக்குப் பணம் கட்டப் போவதற்கு முந்தைய வாரம் என்னிடம் விசாரித்தான். வக்காலத்து முதல் நகல் மனு வரை அவனுக்குத் தெரியாத வேலை இல்லை. நல்ல வழக்கறிஞராக வருவான். அவனைப் பிடித்து நிறுத்திப் பிளஸ் 2-க்கு விண்ணப்பிக்க வைத்தேன். அவனுக்கு முதலில் என் மீது மனத்தாங்கல் இருந்தது. இப்போது முறையாக பி.ஏ. படித்துக்கொண்டிருக்கிறான்.

தபால் வழிப் பட்டம் செல்லாது என்ற பயம்

மேலே சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, தபால் வழியில் படித்த பட்டமே செல்லாது என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 இரண்டையும் முறையாக முடித்து, அதன் பிறகு தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். அதே 5-ஆவது விதி இவர்களைத் தகுதியுள்ளவர்கள் என்கிறது. நீங்கள் படித்த ஆண்டில் அந்தப் பாடப்பிரிவைத் தொலைநிலையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருந்ததா என்பதை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பட்டத்தைத் தபாலில் படிக்கலாம், சட்டத்தைப் படிக்க முடியாது. எல்.எல்.பி. என்பது வகுப்புக்குப் போய்ப் படிக்க வேண்டிய படிப்பு.

பி.ஜி.எல்.

பி.ஜி.எல். என்பது தபால் வழியில் கொடுக்கப்பட்ட பழைய பொதுச் சட்டப் பட்டம் (Bachelor of General Laws). அதை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது.

45 சதவீதம் இருக்கிறது, சீட் உறுதி

மூன்றாண்டுப் படிப்புக்குப் பொதுப் பிரிவினர் பட்டத்தில் 45 சதவீதமும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் 40 சதவீதமும் பெற்றிருக்க வேண்டும். இது விண்ணப்பிப்பதற்கான தகுதி மட்டுமே. அரசு சட்டக் கல்லூரிகளில் பட்டப் படிப்பின் மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். 2017-இல் தருமபுரியில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கிய பிறகு, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று பலர் அந்த ஒரு கல்லூரியை மட்டும் விருப்பமாகக் குறிக்கிறார்கள். சேலம், வேலூர், நாமக்கல் அரசுக் கல்லூரிகளையும் சேர்த்துக் குறியுங்கள். எந்தப் பாடங்களின் மதிப்பெண்ணைக் கூட்ட வேண்டும் என்று அந்த ஆண்டின் விளக்கக் கையேடு சொல்கிறதோ, அதை மட்டும் கூட்டுங்கள். போன ஆண்டு சேர்ந்த நண்பர் சொன்ன கணக்கு வேண்டாம்.

சாதிச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் தேடுவது

சித்தேரி மலையிலிருந்து வரும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை நடக்கும், நாளாகும். இறுதிப் பருவத் தேர்வு எழுதும் முன்பே அரூரில் மனுப் போட்டுவிடுங்கள். ஒரு சதவீத இடஒதுக்கீட்டில் இருக்கும் கொஞ்சம் இடங்களையும் ஒரு காகிதம் வரவில்லை என்பதற்காக இழப்பது மனத்தை அறுக்கிறது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேறு சிக்கல். பள்ளி, கல்லூரி இரண்டையும் பெங்களூருவில் முடித்தவர்கள் பிறப்பிட இருப்பிடச் சான்றிதழும் வாங்கி வைக்க வேண்டும். கர்நாடகத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே இடஒதுக்கீட்டுக்கு உதவாது.

வயது

மூன்றாண்டுப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் வயது உச்சவரம்பு இல்லை. ஐம்பதிலும் விண்ணப்பிக்கலாம்.

வேலையை விடாமல் படித்துவிடலாம் என்று நினைப்பது

ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் எல்லை தாண்டுவது எளிது. அதனால் “வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்” என்று ஆள் பிடிக்கும் தரகர்கள் இங்கே அதிகம். அந்தப் பக்கத்தில் நல்ல கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே போய் உட்கார்ந்து படித்தவர்கள் இன்று எங்கள் நீதிமன்றங்களில் மிகச் சிறப்பாக வழக்கு நடத்துகிறார்கள். ஆனால் வருகைப் பதிவை விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் நெருங்காதீர்கள். சட்டக் கல்வி விதிகளின் 12-ஆவது விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். 2024 செப்டம்பரில் இந்திய பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கை, பயோமெட்ரிக் வருகைப் பதிவு வேண்டும் என்கிறது. படிக்கும் காலத்தில் வேலையில் இருந்தீர்களா, கூடவே வேறு முறையான பட்டப் படிப்பில் இருந்தீர்களா என்று உறுதிமொழியும் கேட்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் சொன்னதை நம்பி, எல்.எல்.பி.யோடு முறையான எம்.ஏ. வகுப்பிலும் சேர்ந்துவிடாதீர்கள். சட்ட மாணவர்களுக்கு 6-ஆவது விதி அதைத் தடுக்கிறது. தொலைநிலைப் படிப்புக்கு மட்டும் விலக்கு உண்டு.

அரசு ஊழியர்கள் துறை அனுமதியை விண்ணப்பிக்கும் முன்பே வாங்க வேண்டும். பட்டம் வாங்கினாலும், முழுநேரச் சம்பள வேலையில் இருக்கும்வரை வழக்கறிஞராகத் தொழில் செய்ய முடியாது. தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களிடம் மேற்பார்வையாளர் “நைட் ஷிப்டு போட்டுத் தருகிறேன், போய்ப் படி” என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருப்பார். மேற்பார்வையாளர் மாறினால் ஷிப்டும் மாறும். வருகை குறைந்து, தேர்வு எழுத அனுமதி கிடைக்காமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால், வேலையா படிப்பா என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.