பழைய கோல்ட் (Colt) ரிவால்வர்: முதலில் எண்களைப் படியுங்கள்

அமெரிக்க எல்லைப்புறக் காலத்து ரிவால்வர்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பலரும் முதலில் நாடுவது 1851 மாடல் கோல்ட் நேவியைத்தான். 0.36 அங்குலக் குழல், ஆறு குண்டுகள். சுழலும் சிலிண்டரின் ஒவ்வோர் அறையின் பின்னாலும், அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு செப்புக் கேப் பொருத்திச் சுடுவார்கள்.

பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். குழல், சட்டம், விசைக் காப்பு, கைப்பிடியின் பின்பட்டை, சிலிண்டர் ஆகியவற்றில் வரிசை எண் பொறித்திருக்கும். குழலைப் பிடித்து நிறுத்தும் சின்ன ஆப்பையும் மறக்காமல் பாருங்கள். பெரும்பாலும் தொலைந்து, மாற்றப்பட்டிருப்பது அதுதான். எல்லா எண்களும் ஒத்துப்போனால் விலை கணிசமாக உயரும். ஓர் எண் மட்டும் மற்றவற்றைவிடக் கூர்மையாகத் தெரிந்தால், பின்னாளில் வெட்டியதோ என்று சந்தேகப்படுங்கள்.

சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி உண்டு. 1843 மே 16 அன்று டெக்சாஸ் கடற்படை மெக்சிகோவுடன் மோதிய போர் அது, செதுக்கியவர் ஆர்ம்ஸ்பி. கப்பல்களின் கோடுகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதே தேய்மானத்துக்கு நல்ல அளவுகோல். இத்தாலிய நகல்களிலும் இக்காட்சி வருவதால், அந்நாட்டுச் சோதனை முத்திரைகள் (துப்பாக்கியைச் சோதித்ததற்கான அடையாளங்கள்) எங்காவது இருக்கின்றனவா, சுரண்டிய தடம் தெரிகிறதா என்று தேடுங்கள்.

கையில் வாங்கியதும் சிலிண்டரின் ஆறு அறைகளையும் முன்பக்கமிருந்து பாருங்கள். நூறாண்டு கடந்த கரிமருந்தும் வெடிக்கக்கூடும். குண்டு இருந்தால் நீங்களே நோண்டாமல் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பழுப்பேறிய மேற்பரப்பைத் தயவுசெய்து தேய்த்துப் பளிச்சென்று ஆக்காதீர்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும்.