பழைய காரில் ஸ்பீடோமீட்டர் நின்றுவிட்டதா? டேஷ்போர்டைக் கழற்றும் முன் இதைச் செய்யுங்கள்

ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை என்றதும் பலர் நேராக டேஷ்போர்டில் கை வைக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் லேசாக இழுத்தாலே உடையும், மாற்றுக் கிளிப் தேடி அலைய வேண்டியிருக்கும். கோளாறு எந்தப் பக்கம் என்பதை ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதற்கு முள்ளோடு சேர்ந்து ஓடும் கிலோமீட்டர் எண்களை, அதாவது ஓடோமீட்டரைப் பாருங்கள்.

முதலில்: கேபிளா, சென்சாரா?

பழைய கார்களில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் கிளம்பி மீட்டரின் முதுகில் போய்ச் சேரும். கறுப்பு உறைக்குள் முறுக்கிய கம்பி ஒன்று சுழலும், அதன் நுனிகள் சதுரமாக இருக்கும். சற்றுப் பிந்தைய கார்களில் அதே இடத்தில் இரண்டு மூன்று வயர்களோடு ஒரு சென்சார் இருக்கும். பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது: ஓடோமீட்டரைக் கவனியுங்கள்

கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். பக்கத்தில் உட்காருபவர் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்கட்டும். நீங்கள் சாலையைப் பாருங்கள்.

கேபிள் காரில் முள்ளும் எண்களும் இரண்டுமே நின்றிருந்தால், சுழற்சி மீட்டருக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும், இல்லையென்றால் கியர்பாக்ஸில் அதைச் சுற்றும் பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

எண்கள் ஓடுகின்றன, முள் மட்டும் கிடக்கிறது என்றால் கேபிளைச் சந்தேகப்பட வேண்டாம், கோளாறு மீட்டருக்குள்தான். முள்ளை நகர்த்தும் அமைப்புக்கு ஓட்டோ ஷுல்ஸே என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்றார். கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் பக்கத்தில் ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும், முள் அதோடு சேர்ந்தது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் அதைத் திருப்பப் பார்க்கும், மெல்லிய சுருள்வில் ஒன்று எதிர்த்து இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஓடோமீட்டரோ பல்சக்கரங்களால் நேரடியாக ஓடுவது. அதனால்தான் ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும். முள் நன்றாக இருந்து எண்கள் நின்றிருந்தால், உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம் உடைந்திருக்கும்.

முள் நடுங்கினால், அதிலும் கீச்சென்ற சத்தத்தோடு என்றால், கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்கோ நெருக்கமாக மடங்கியிருக்கும். முள் சீராக இருந்து வேகம் மட்டும் தவறாகக் காட்டினால் டயர் அளவைப் பாருங்கள். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும்.

மூன்றாவது: கேபிளைச் சோதியுங்கள்

மீட்டர் பக்கத்து நுனியைக் கழற்றுங்கள். திருகு வளையம் அல்லது அழுத்தும் கிளிப்பாக இருக்கும், பல கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டாலே எட்டும். உள்கம்பியை மெல்ல இழுங்கள். பாதிக் கம்பி கையோடு வந்தால் கோளாறு கிடைத்துவிட்டது.

முழுதாக இருந்தால், கம்பியைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, சமதரையில் காரை நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எஞ்சின் சக்தி போகும் சக்கரங்களில் ஒன்றை ஜாக்கியால் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது. கியரை நியூட்ரலில் போட்டு (பின்சக்கரத்தைத் தூக்கியிருந்தால் ஹேண்ட்பிரேக்கையும் விட்டு) சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மேல்நுனி சுழன்றால் கேபிளும் கியர்பாக்ஸும் சரி. சுழலாவிட்டால் கீழ்நுனியையும் கழற்றி, கியர்பாக்ஸ் துளைக்குள் பார்த்தபடி மறுபடி சுற்றச் சொல்லுங்கள். உள்ளே சுழன்றால் தப்பு கேபிளில். சுழலவில்லை என்றால் பிளாஸ்டிக் பல்சக்கரம். அதை எடுக்கும்போது ஆயில் சொட்டும், துணி வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்நுனி எந்தத் திசையில் சுழல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்கம்பியின் ஒரு நுனியை டிரில்லில் மாட்டி, அதே திசையில் மெதுவாகச் சுற்றி மீட்டரையே சோதிக்க இது வேண்டும். பல ஜப்பானியக் கார்களில் கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றினால் முள் 60 கிலோமீட்டர் காட்டும்.

மாட்டும் முன் உள்கம்பியைத் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவுங்கள், ஆனால் மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவுக்குத் தடவ வேண்டாம். நான் ஒருமுறை நுனி வரை தடவிவிட்டேன். கிரீஸ் கம்பியின் முறுக்கு வழியே ஏறி மீட்டருக்குள் போய், முள் ஒட்டிக்கொண்டது. நல்ல மீட்டர் அது.

சென்சார் கார் என்றால்

முதலில் ஃபியூஸ். மற்ற மீட்டர்களும் செத்திருந்தால் அநேகமாக அதுதான். அப்புறம் சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள். மூன்று வயர் சென்சாரில் ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். கனெக்டரை மாட்டிய நிலையிலேயே சாவியைப் போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, சிக்னல் வயரை மல்டிமீட்டரில் பாருங்கள். வோல்ட் ஏறி இறங்கினால் சென்சார் வேலை செய்கிறது. டேஷ்போர்டைத் தட்டும்போது முள் துள்ளினால் மீட்டர் போர்டில் சால்டரிங் விட்டிருக்கலாம். அப்போதுதான் டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், ஏர்பேக் இருந்தால் அதற்கு முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரியானதும், ஓடோமீட்டர் நின்றிருந்த நாட்களில் ஓடிய தூரத்தைத் தோராயமாகக் கணக்கிட்டு சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஆயில் மாற்றும்போது அந்தக் கிலோமீட்டரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.