தருமபுரியில் வீகன் காப்பிக் கடை வைக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீகன் கடை, அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத, பால் இல்லாத காப்பிக் கடை என்று தருமபுரியில் யாரிடம் சொன்னாலும் "பால் இல்லாம என்ன காப்பி?" என்றுதான் கேட்பார்கள். கேட்பவர் வீட்டிலேயே இரண்டு மாடு நிற்கும். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு டவுனுக்கு வந்திருப்பார். அவரிடம் பால் கறப்பது பாவம் என்று தொடங்குவதுதான் முதல் தவறு. பல குடும்பங்களுக்கு வாராவாரம் கையில் காசு வருவதே அந்த மாட்டால்தான். கடைச் சுவரில் கன்றுக்குட்டியின் கண்ணீர்ப் படத்தை ஒட்டிவிட்டு, அவர் தோளில் கைபோட்டு உள்ளே கூப்பிட முடியாது. உங்கள் கொள்கையை நீங்கள் விட வேண்டியதில்லை. கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள், கேட்காதவருக்கு நல்ல காப்பி கொடுங்கள். ராகிக் களியும் கீரைக் கடைசலும், சாமைச் சோறும் கொள்ளு ரசமும் இந்த மண்ணின் சாப்பாடு. இவற்றில் பாலும் கிடையாது, நெய்யும் கிடையாது. ஊருக்குப் புதிதாக எதையோ கற்றுத்தர வந்தவர்போல் நடந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது, கடையின் தோற்றமே ஆட்களைத் தடுப்பது. கண்ணாடிக் கதவு, ஆங்கிலத்தில் மட்டும் மெனு, ஒரு காப்பி நூற்றைம்பது ரூபாய். இந்த மூன்றும் சேர்ந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிறவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். தமிழில் விலைப்பலகை எழுதுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் என்றால் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறவர்கள் நிறைய, அவர்களையும் மனதில் வையுங்கள். டீக்கடை விலையிலேயே கிடைக்கும் ஒரு பானமாவது கட்டாயம் இருக்கட்டும். கருப்பட்டி போட்ட சுக்கு மல்லிக் காப்பி போதும்.

எல்லோரும் வரலாம் என்பதைப் பலகையில் எழுதினால் மட்டும் போதாது. டீக்கடையில் சிலருக்குத் தனி டம்ளர் வைத்திருந்த வரலாறு தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு உண்டு, இந்த மாவட்டங்களும் அதற்கு விலக்கில்லை. அந்த நினைவோடு வருகிறவருக்கு உங்கள் கடையில் எல்லா டம்ளரும் ஒன்றுதானா, ஒரே இடத்தில்தான் கழுவப்படுகின்றனவா என்பது முதல் நாளே கண்ணில் படும். ஒருவருக்கு எவர்சில்வர், இன்னொருவருக்குப் பேப்பர் கப் என்று ஆள் பார்த்துக் கொடுக்கிற பழக்கம் வேலையாளுக்கு இருந்தால், அதை அன்றைக்கே நிறுத்துங்கள். பெண்களும் அப்படித்தான் கவனிப்பார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழக்கமில்லாத கல்லூரிப் பெண்களுக்கும், மார்க்கெட் முடித்து வரும் அக்காமாருக்கும், வெளிச்சமான இடமும் பூட்டுள்ள சுத்தமான கழிப்பறையும் வேண்டும். அலங்கார விளக்குக்கு ஒதுக்கிய பணத்தை முதலில் இதற்குச் செலவழிக்கலாம்.

இனி காப்பி. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். சோயாப் பாலைக் கொதிக்கும் டிக்காஷனில் ஊற்றியதும் திரிந்து, மேலே துணுக்குத் துணுக்காக மிதக்கும். காப்பிக்கு இயல்பாகவே கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு. அந்தப் புளிப்பும் சூடும் ஒன்றாகச் சேரும்போது சோயாவின் புரதம் பிரிந்துவிடுகிறது. பாலைக் கொதிக்க விடாமல் இதமாகச் சூடாக்கி, அதில் டிக்காஷனைச் சிறிது சிறிதாக ஊற்றினால் பெரும்பாலும் திரியாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை நேராகச் சேர்க்கவே கூடாது. நன்றாக வறுத்த கொட்டையில் புளிப்பு குறைவு, சிக்கரி கலந்த தூளும் கைகொடுக்கும். அந்த வகையில் நம் ஃபில்டர் காப்பிக்கு ஏற்கெனவே ஒரு வசதி இருக்கிறது. இலேசாக வறுத்த விலையுயர்ந்த கொட்டையைத் தேடிப் போய்த் திரிந்த காப்பி கொடுப்பதைவிட, பக்கத்து ஏற்காட்டுக் கொட்டையை ஆழமாக வறுத்துப் பயன்படுத்துவது மேல்.

முந்திரியை ஊறவைத்து நைசாக அரைத்தால் வடிகட்டவே வேண்டாம், காப்பிக்கு நல்ல கனம் கிடைக்கும். ஆனால் அதில் மாவுச்சத்து இருப்பதால் நெடுநேரம் அடுப்பில் வைத்தால் கஞ்சியாகிவிடும். ஓட்ஸ் பாலிலும் இதே தொல்லை. தேங்காய்ப் பால் காப்பியின் மணத்தை அமுக்கிவிடும், கொதித்தால் பிரியவும் செய்யும். அதைச் சுக்குக் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் தாராளமாக விளையும் வேர்க்கடலையை யாரும் யோசிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வடிகட்டிக் காய்ச்சினால் பச்சை வாசம் போய்விடும். பாக்கெட் ஓட்ஸ் பாலைவிட விலை மிகக் குறைவு, உள்ளூர் விவசாயிக்கும் வியாபாரம். முந்திரி, வேர்க்கடலை, சோயா மூன்றுமே சிலருக்கு ஒவ்வாமை தருபவை. எந்தப் பானத்தில் எது என்று விலைப்பலகையிலேயே எழுதிவிடுங்கள், இதில் மட்டும் சோம்பல் கூடாது.

தண்ணீரையும் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதற்கே அதுதான் காரணம். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். போர்வெல் தண்ணீரில் டிக்காஷன் இறக்குவதாக இருந்தால் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் ஆர்.ஓ. போடுங்கள். கடின நீரில் காப்பியின் சுவையும் மந்தமாகிவிடும்.

பாக்கெட்டில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருந்தால் வீகன் என்று நம்புவது இன்னொரு தவறு. பால் பொருளுக்கும் அதே பச்சைப் புள்ளிதான். பால் கலக்காதது என்று விற்கப்படும் சில காப்பிக் க்ரீமர்களில் சோடியம் கேசினேட் இருக்கும், அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். பன், பிரெட், பிஸ்கட், கருப்புச் சாக்லேட் எல்லாவற்றிலும் பால்பொடி ஒளிந்திருக்கலாம். ராகி அம்பிலியில், அதாவது கூழில், மோர் சேர்ப்பது நம் வழக்கம், அதை மறந்துவிடாதீர்கள். தேனும் வீகன் கணக்கில் சேராது. வீகன் உணவுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தனி விதிகளும் முத்திரையும் கொண்டுவந்திருக்கிறது. வாங்கும் பாக்கெட்டில் அந்த முத்திரையைத் தேடுங்கள்.

கலைஞர்கள் விஷயத்தில் நடக்கும் தவறுகள்தான் என்னை அதிகம் உறுத்துபவை. ஓவியத்தை இலவசமாக வாங்கி மாட்டிவிட்டு "உங்களுக்கு விளம்பரம்தானே" என்பார்கள். விளம்பரம் அரிசி வாங்கித் தராது. விற்றால் கடைக்கு எத்தனை சதவீதம், பணம் எந்தத் தேதியில், படம் சேதமானால் யார் பொறுப்பு, விற்காவிட்டால் எப்போது திருப்பித் தருவது என்பதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஓவியத்தை விலைக்கு வாங்கினாலும் அதைக் கோப்பையிலும் டீ-ஷர்ட்டிலும் அச்சடிக்கும் உரிமை தானாக வந்துவிடாது, அதற்குத் தனியாக அனுமதியும் பணமும் வேண்டும். நீர்வண்ணப் படத்தை ஸ்டீம் அடிக்கும் மெஷினுக்கு மேலேயோ மேற்கு வெயில் விழும் சுவரிலோ மாட்டாதீர்கள். கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸ் அடிக்க ஓடாமல், ஃப்ளெக்ஸ் வந்து வேலையை இழந்த ஒரு பெயின்டரைத் தேடிப் பிடியுங்கள். அந்த எழுத்தின் அழகு கம்ப்யூட்டரில் வராது.

நாற்காலி உறைக்கும் திண்டுக்கும் "பழங்குடி டிசைன்" என்று பெங்களூரிலிருந்து அச்சடித்த துணியை வாங்கி வருவார்கள். நம் மாவட்டத்துச் சித்தேரி மலையடிவாரத்தில், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், லம்பாடிச் சமூகப் பெண்கள் கையால் பூவேலை செய்கிறார்கள். ஓரிரு பெரியவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த அந்தத் தையல், 2006-இல் தொடங்கிய போர்கை அமைப்பின் மூலம் மீண்டும் பலர் கைக்கு வந்தது. கைவேலைக்கு நாள் பிடிக்கும். திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் போய் நின்று அவசரப்படுத்தாமல், சில மாதங்களுக்கு முன்பே சொல்லிவையுங்கள். சொன்ன விலையில் பேரம் பேசாதீர்கள்.

தெருக்கூத்து கடைசி. பாரதக் கூத்து விடிய விடிய நடப்பது. முகத்தில் அரிதாரம் பூசி வேஷம் கட்டவே நெடுநேரம் ஆகும். வாடிக்கையாளர் செல்ஃபி எடுக்க என்று பத்து நிமிடத்துக்கு ஒரு துரியோதனனை வாசலில் நிற்கவைப்பது அந்தக் கலைஞரை அவமதிப்பது. திருவிழாக் காலத்தில் அவர்கள் இரவெல்லாம் கண்விழித்து ஆடிவிட்டு வருவார்கள், அப்போது கூப்பிடவே வேண்டாம். கூத்து குறைவாக இருக்கும் மழை மாதங்களில், ஒரு சாயங்காலம் ஆர்மோனியமும், முகவீணை என்கிற சிறிய ஊதுகருவியுமாக வரச்சொல்லுங்கள். எந்தக் கட்டத்தைத் தனியாகப் பாடலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பாடும் நேரம் மிக்ஸியை நிறுத்திவிடுங்கள். பேசிய தொகையும் வண்டிச் செலவும் மறுநாள், அடுத்த வாரம் என்று இழுபடாமல் அன்று இரவே அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.